விழுந்தால் சொல்லுங்க, விழாமல் இருக்க நடங்க

(முதியோர் பாதுகாப்பு குறித்துப் பொதுமக்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இதைக் கேட்பவர்களில் இரண்டு வகையினர் உண்டு. அறுபதைத் தாண்டியவர்கள் ஒரு பக்கம். அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மா, மாமனார், மாமியார், அத்தை என்று யாரையாவது கவனித்துக்கொள்பவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பிடமும் முதலில் ஒரே ஒரு கேள்விதான். கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒரு முறையாவது கீழே விழுந்தாரா?

பலரும் உடனே "இல்லையே" என்பீர்கள். கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. அம்மாவின் முழங்கையில் ஒரு நாள் கன்றிப்போயிருந்தது. கேட்டதற்கு "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றார். அப்பா திடீரென்று காலை நடையை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டால் "வெயில் ஜாஸ்தியா இருக்குப்பா" என்றார். இப்படிப்பட்ட பதில்களில் சில, விழுந்ததை மறைக்கச் சொன்னவையாக இருக்கலாம்.

ஏன் மறைக்கிறார்கள்? சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். "இந்த வயசுல உங்களை யார் மாடிக்குப் போகச் சொன்னா? சும்மா ஒரு இடத்துல உட்கார மாட்டீங்களா?" என்று நாம் கத்துவோம். அதன் பிறகு கடைக்குப் போகக் கூடாது, கோயிலுக்குத் தனியாகப் போகக் கூடாது, வாசலில் கோலம் போடக் கூடாது. விழுந்த வலியைவிட இந்தத் தடைகள் அவர்களுக்குப் பெரிது. அதனால் வாயைத் திறப்பதில்லை. ஆனால் ஒரு முறை விழுந்தவர் மறுபடியும் விழும் வாய்ப்பு அதிகம். முதல் முறை சின்னக் காயத்தோடு போயிருக்கும். அப்போதே காரணத்தைக் கண்டுபிடித்திருந்தால், இடுப்பு எலும்பை முறிக்கும் அடுத்த விழுதலைத் தடுத்திருக்கலாம்.

ஆகவே பிள்ளைகளுக்கு என் முதல் வேண்டுகோள்: திட்டாமல் கேளுங்கள். பெரியவர்களுக்கு: மறைக்காமல் சொல்லுங்கள்.

எவ்வளவு பெரிய பிரச்சினை இது?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் உலகில் சுமார் 6,84,000 பேர் கீழே விழுவதால் இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இந்த மரணங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நேர்கின்றன. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 10.4 சதவீதம். பத்துப் பேரில் ஒருவர். இன்று அதைவிட அதிகம். ஆக இது ஏதோ ஒரு சில வீட்டுக் கதையில்லை.

"வயசாச்சு, விழத்தான் செய்வாங்க" என்று சொல்லிவிட்டால் காரணம் தேடுவது அங்கேயே நின்றுவிடும். வயது ஒரு பின்னணிதான். கால் தசை பலவீனம், கண் மங்கல், மாத்திரை, வழுக்கும் தரை என்று விழுவதற்குக் காரணங்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்ய முடியும்.

உட்கார வைத்தால் பாதுகாப்பா?

நம் வீடுகளில் பாசத்தால் செய்யும் பெரிய தவறு இதுதான். விழுந்துவிடுவார் என்று பயந்து உட்கார வைக்கிறோம். தண்ணீரைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். சில மாதங்களில் தொடைத் தசை மெலிகிறது, சமநிலை போகிறது. பிறகு கழிப்பறைக்கு எழுந்து போகும் அந்தப் பத்து அடியிலேயே விழுகிறார். பயத்தால் நடக்காமல் இருப்பதும் விழுவதற்கு ஒரு காரணம்.

2019-இல் வெளியான காக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, முதியவர்களுக்கான 108 உடற்பயிற்சி ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. உடற்பயிற்சி செய்தவர்கள் விழும் விகிதம் 23 சதவீதம் குறைந்திருந்தது. அதில் பலன் தந்தவை பெரும்பாலும் சமநிலைக்கும் கால் வலிமைக்குமான பயிற்சிகள். வெறும் நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய நான்கு பயிற்சிகள்:

1. கை வைத்த, நகராத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மெதுவாக எழுந்து, மெதுவாக உட்காருங்கள். பத்து முறை. முடிந்தால் கையை ஊன்றாமல்.

2. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு முன்னங்காலில் நில்லுங்கள். பிறகு குதிகாலில். பத்துப் பத்து முறை.

3. மேடையைப் பிடித்தபடி ஒரு காலைச் சற்றே தூக்கி, பத்து எண்ணும் வரை நில்லுங்கள். பிறகு மறு கால்.

4. சுவரோரமாக, ஒரு காலின் விரல் நுனியை மறு காலின் குதிகால் தொடும்படி வைத்துப் பத்து அடி நடங்கள். ஒரு கை சுவரில் இருக்கட்டும்.

வாரத்தில் மூன்று நாளாவது செய்யுங்கள். தொடக்கத்தில் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். இதய நோய், கடுமையான மூட்டுவலி, அண்மையில் அறுவைச் சிகிச்சை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கையில் இருக்கும் போனில் ஒரு சோதனை

உங்கள் போனில் நிறுத்துக்கடிகாரம் இருக்கிறது அல்லவா? அதை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியிலிருந்து 3 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு போடுங்கள். பெரியவர் எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். வழக்கமாகக் கைத்தடி பிடிப்பவர் அதோடே நடக்கலாம். "எழுந்திருங்க" என்று சொன்ன நொடியிலிருந்து உட்காரும் வரை நேரத்தைக் கணக்கிடுங்கள். ஓட்டப்பந்தயம் இல்லை, அவசரப்படுத்தாதீங்க. கூடவே நடங்கள்.

12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால், விழும் ஆபத்து இருக்கிறது என்று பொருள். மருத்துவரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். "நடக்கத் தடுமாறுறாங்க" என்பதைவிட "17 நொடி ஆகுது" என்பது மருத்துவருக்கு அதிகம் உதவும்.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

அடுத்தது மாத்திரைகள். தூக்க மாத்திரை, மனநலத்துக்கான சில மருந்துகள், ரத்த அழுத்த மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் சில மருந்துகள், சளி அலர்ஜிக்குக் கடையில் வாங்கும் தூக்கம் தரும் மாத்திரை ஆகியவை தலைசுற்றலையோ தள்ளாட்டத்தையோ தரக்கூடும். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, விரதம் என்று சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்.

ஒன்று செய்யுங்கள். பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்பி, பெயர் தெரியும்படி போனில் படம் எடுங்கள். நாட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கியது எல்லாவற்றையும் சேர்த்துத்தான். அடுத்த முறை போகும்போது அந்தப் படத்தைக் காட்டி, "இதுல எதனாலயாவது தள்ளாட்டம் வருமா டாக்டர்?" என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

படுக்கையிலிருந்து எழும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி ரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால், அதற்கான காரணத்தை மருத்துவர் பார்க்க வேண்டும். அதுவரை ஒரு பழக்கம்: கண் விழித்ததும் எழாதீர்கள். காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் உட்காருங்கள். பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு கணம் நின்று, அப்புறம் நடங்கள்.

கண்ணையும் ஆண்டுக்கு ஒரு முறை சோதியுங்கள். கண்புரை இருந்தால் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி போடுபவர்கள் படி இறங்கும்போது கவனம். கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் படி மங்கலாகத் தெரியும். சர்க்கரை நோயாளிகள் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுங்கள். காலில் தரை படுவதே தெரியாவிட்டால் சமநிலை எப்படி வரும்?

வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள்

விழும் ஆபத்து அதிகமுள்ளவர்களின் வீட்டில் ஆபத்தான இடங்களைச் சரிசெய்தால், விழும் விகிதம் 38 சதவீதம் குறைகிறது என்று 2023-இல் வந்த இன்னொரு காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. வீட்டை இடித்துக் கட்ட வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

குளியலறையில் தொடங்குங்கள். பளபள டைல்ஸ், சோப்புத் தண்ணீர், ஈரக் கால் மூன்றும் சேரும் இடம் அது. சொரசொரப்பான, நகராத ரப்பர் விரிப்பைப் போடுங்கள். கழிப்பறைக்குப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் இரும்புக் கைப்பிடி பொருத்துங்கள். துளையிட்டு, திருகு போட்டு இறுக்க வேண்டும். டவல் கம்பி ஆள் எடையைத் தாங்காது, அதைப் பிடித்து எழுந்தால் கம்பியோடு விழுவோம். நின்று குளிக்க முடியாதவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடலாம், அது ஆடாமல் இருக்க வேண்டும். தரைக் கழிப்பறை மட்டும் இருக்கும் வீட்டில் அதன்மேல் வைக்கும் கமோடு நாற்காலி மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று பெரியவரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டால் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு போடுங்கள்.

இரவு வழியைப் பாருங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு நீங்களே ஒரு முறை நடங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே ஒரு சின்ன இரவு விளக்கு. கட்டிலில் கையெட்டும் தூரத்தில் டார்ச். கொசுவலை காலில் மாட்டுகிறதா, சார்ஜர் வயர் குறுக்கே ஓடுகிறதா, பேரப்பிள்ளையின் பொம்மைக் கார் கிடக்கிறதா என்று பாருங்கள்.

வாசலில் நிலைப்படியும் ஒற்றைப் படியும் கண்ணுக்குத் தெரியாது. படி விளிம்பில் பளிச்சென்ற மஞ்சள் பட்டை ஒட்டுங்கள். மடங்கிக் கிடக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். தினம் எடுக்கும் சாமான்களைப் பரணில் வைக்காதீர்கள். இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வையுங்கள். ஸ்டூலில் ஏறும் வேலை பெரியவருக்கு வேண்டாம்.

தேய்ந்த ஹவாய் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். குதிகாலைப் பிடிக்கும் வார் உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள். புடவையும் வேட்டியும் கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும். கைத்தடி என்றால், நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு இருக்கும் உயரத்துக்கு அதன் பிடி வர வேண்டும். வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்தால் மாற்றுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, அடுத்த முறை வீடியோ அழைப்பில் "சாப்பிட்டீங்களா" என்பதோடு நிறுத்தாதீங்க. பக்கத்து வீட்டுத் தம்பியிடம் போனைக் கொடுத்து, குளியலறையையும் படியையும் ஒரு சுற்றுக் காட்டச் சொல்லுங்கள். பெரியவரையே போனைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்ல வேண்டாம்!

போனைத் தயார் செய்யுங்கள்

பெரியவரின் போனில் மூன்று வேலை. ஒன்று, அவசரத் தகவல் பகுதியில் ரத்த வகை, நோய்கள், மருந்துகள், இரண்டு பேரின் எண்களைப் பதியுங்கள். போன் பூட்டியிருந்தாலும் மற்றவர் அதைப் பார்க்க முடியும். இரண்டு, அவசர அழைப்பு வசதியை இயக்குங்கள். பல போன்களில் பவர் பட்டனைப் பலமுறை தொடர்ந்து அழுத்தினால் அழைப்பு போகும். எத்தனை முறை என்பது போனுக்குப் போன் மாறும், உங்கள் போனின் அமைப்புகளில் பார்த்து, பெரியவருக்குச் சொல்லிப் பழக்குங்கள். மூன்று, 108, 112, 14567 எண்களைத் தமிழிலேயே பெயர் போட்டுச் சேமியுங்கள்.

ஆனால் போன் அலமாரியில் இருந்தால் எந்தப் பயனும் இல்லை. கழுத்தில் மாட்டும் சின்னப் பையிலோ இடுப்புப் பையிலோ இருக்கட்டும். தனியாக இருப்பவர்கள் தினமும் காலையில் ஒரே நேரத்தில் ஒருவருக்கு அழைக்கும் வழக்கம் வையுங்கள். அழைப்பு வராவிட்டால் அவர் தேடி வர வேண்டும் என்று பேசி வையுங்கள். விழுந்து மணிக்கணக்காகத் தரையில் கிடப்பது, விழுவதைப் போலவே ஆபத்து.

விழுந்துவிட்டால்?

ஓடிப்போய்க் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். முதலில் பேசுங்கள். எங்கே வலி, தலையில் அடியா, காலை அசைக்க முடிகிறதா என்று கேளுங்கள். கால் நீளம் குறைந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ, இடுப்பில் கடும் வலி இருந்தாலோ அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். மயக்கம், வாந்தி, பேச்சுக் குழறல், கழுத்து வலி இருந்தாலும் அப்படியே.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றவர்களுக்கும் மண்டைக்குள் ரத்தக்கசிவு சில நாள், சில வாரம் கழித்தும் வெளிப்படலாம். புதிதாகத் தலைவலி, குழப்பம், அதிகத் தூக்கம் வந்தால் "போன மாசம் விழுந்தாங்க" என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடி இல்லை, எழ முடியும் என்றால் பெரியவரே எழ உதவுங்கள். ஒருக்களித்துத் திரும்பி, முட்டிபோட்டு, அருகில் வைத்த கனமான நாற்காலியில் இரு கைகளையும் ஊன்றி, பலமான காலை முன்னே வைத்து எழுந்து உட்கார வேண்டும். பிறகு சற்று ஓய்வு.

இடுப்பு எலும்பு முறிவுக்கு எண்ணெய்க் கட்டு போட்டு நாள் கடத்த வேண்டாம். பெரும்பாலும் அதற்கு அறுவைச் சிகிச்சைதான் வழி. உடல்நிலை இடம் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது. படுத்தே கிடந்தால் நுரையீரல் தொற்று, படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். உயிரைப் பறிப்பது பல நேரம் அவைதான். "இந்த வயசுல ஆபரேஷனா?" என்று தயங்கும் நாட்களே பெரியவரின் நடையை முடித்துவிடலாம்.

எங்கே உதவி கிடைக்கும்?

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு, தேவைப்படுவோருக்கு இயன்முறைச் சிகிச்சையும் இத்திட்டத்தில் வீடு தேடி வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பகுதி சுகாதாரப் பணியாளரிடமோ பெயரைப் பதியுங்கள்.

சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முதியோருக்கென்றே 200 படுக்கைகள் கொண்டது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கானது. சேரும்போதே அட்டையைப் போனில் படமெடுத்து வையுங்கள். உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி வாங்க வசதியில்லாத முதியோருக்கு, 2017-இல் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். முதியோர் உதவி எண் 14567-இலும் வழிகாட்டுதல் கேட்கலாம். ஆம்புலன்சுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112.

நிறைவாக

எல்லாவற்றையும் இன்றே செய்ய முடியாது. இந்த வாரம் மூன்று மட்டும் செய்யுங்கள். குளியலறையில் கைப்பிடிக்கு ஆள் சொல்லுங்கள். மாத்திரைகளைப் படமெடுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைப் பெரியவரோடு சேர்ந்து நீங்களும் செய்யுங்கள்.

அப்புறம் அந்தக் கேள்வி. சாப்பாடு முடிந்து எல்லோரும் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள்: "அம்மா, எங்கயாவது தடுமாறுதா? எந்த இடத்துல பயமா இருக்கு?" பதில் வந்ததும் "இனிமே அங்க போகாதீங்க" என்று சொல்லிவிடாதீர்கள். "சரிம்மா, அங்க பயமில்லாம போக என்ன செய்யலாம்னு பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் வீட்டில் பெரியவர் அடுத்த முறையும் உண்மையைச் சொல்வார்.